வெண்கட்டியால கதவு கீறுற படங்கள்

2025 ஜனவரி 24, வெள்ளி, இரவு 8.15
அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

பேய்ப்படம் பார்த்து அலுத்துப்போச்சு. வெள்ளைச் சீலை, கொலுசுச் சத்தம், ஒரு ஃபிளாஷ்பேக், கடைசியில ஒரு சாமியார். இதெல்லாம் இல்லாம, மாயமும் இருக்கணும், இருட்டாயும் இருக்கணும், பார்த்து முடிச்சாப்பிறகு கொஞ்சம் யோசிக்கவும் வைக்கணும். அப்பிடிப் படம் இருந்தாச் சொல்லுங்க. சப்டைட்டில் ஓடுற வேகத்துக்கு எனக்கு இங்கிலீஷ் வாசிக்க ஏலா, அதையும் கணக்கில எடுங்க. தமிழ்ல இந்த வகை ஒண்டும் இல்ல எண்டதுதான் என்ட முடிவு.

ஜனவரி 24, இரவு 10.40

கடைசி வரிக்குப் பிறகு சண்டை பிடிப்பம். முதல்ல கேள்விக்கு வாறன்.

சப்டைட்டில் ஓடிப்போகுது எண்டா வசனம் குறைஞ்ச படத்தில தொடங்குங்க. 1964இல வந்த ஜப்பான் படம் ‘ஒனிபாபா’, கனேட்டோ ஷிண்டோ எடுத்தது. ஆள் உயரத்துக்கு மேல வளர்ந்த புல்லு. அதுக்குள்ள ஒரு மாமி, ஒரு மருமகள். மகன் சண்டைக்குப் போயிட்டான். வழிதவறி வாற சாமுராய்களைக் குத்திக் கொன்று, உடம்பைக் குழிக்குள்ள தள்ளிப்போட்டு, கவசத்தை வித்துத் தினை வாங்கிச் சாப்பிடுதுகள் ரெண்டு பேரும். பேய் வருமா எண்டு கேக்காதீங்க. முகமூடி ஒண்டு வரும், அவ்வளவுதான். காத்தில அந்தப் புல்லு ஆடுற சத்தம் ரெண்டு நாளைக்குக் காதுக்குள்ள நிக்கும்.

ரெண்டாவது, ‘பிரமயுகம்’. 2024, ராகுல் சதாசிவன் படம், மம்மூட்டி நடிச்சது, முழுக்கக் கறுப்பு வெள்ளை. மலையாளம் பாதி காதாலேயே விளங்கும், மிச்சம் மம்மூட்டியின்ட முகத்தில விளங்கும்.

மூண்டாவது, ‘பான்ஸ் லாபிரிந்த்’. ஸ்பானிய மொழி, 2006, கிய்யெர்மோ டெல் டோரோ. மூண்டு ஒஸ்கார் எடுத்தது. கதை நடக்கிறது 1944, ஸ்பெயினில உள்நாட்டுச் சண்டை முடிஞ்சு அஞ்சு வருசம். காட்டுக்குள்ள இன்னும் கொஞ்சப் பேர் ஆயுதத்தோட நிக்கிறாங்க, அவங்களை வேட்டையாட ஒரு கப்டன். அவன்ட பெஞ்சாதியின்ட முதல் தாரத்துப் பிள்ளைக்கு ஆட்டுக் கொம்பு வச்ச ஒண்டு வந்து, நீ பாதாளத்து இளவரசி எண்டு சொல்லுது. மூண்டு வேலை குடுக்குது. ரெண்டாவது வேலையில, மேசை நிறையச் சாப்பாடு, தொடக்கூடாது எண்டு கட்டளை. பிள்ளை ஒரு முந்திரிப்பழம், அதான் திராட்சை, எடுத்து வாயில போடும். மேசைத் தலைப்பில கண்ணில்லாம ஒருத்தன் இருக்கிறான், கண் அவன்ட உள்ளங்கையில. நான் இதுவரை பார்த்த அருவருப்பான உருவத்தில அதுக்குத்தான் முதல் இடம்.

ஜனவரி 25, சனி, காலை

பான்ஸ் லாபிரிந்த்தைப் பற்றி, ‘தேவதைக்கதை எண்டா பிள்ளைகளோட பார்க்கலாம்தானே’ எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார்.

வேணாம். தயவுசெய்து வேணாம். இதை நான் அனுபவிச்சுச் சொல்றன்.

2007. நான் மட்டக்களப்பில கல்லடிப் பக்கம் ஒரு சிடிக் கடையில நிண்டனான். கொழும்பிலயிருந்து வாற டிஸ்க் கட்டைப் பிரிச்சு, மாக்கரால பேர் எழுதி, தட்டுத் தட்டா அடுக்கிறது என்ட வேலை. ஒரு கட்டில ‘கிட்ஸ்’ எண்டு துண்டு ஒட்டி வந்துது. அதுக்குள்ள ஒரு சின்னப் பிள்ளையும் பெரிய மரமும் போட்ட படம் ஒண்டு. தேவதைக்கதைதானே எண்டு அக்காட பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் குடுத்தன். மூத்தவனுக்கு எட்டு வயசு. அக்கா குசினியில, நான் வாசல்ல ஃபோனோட.

கால் மணித்தியாலம் நல்லாத்தான் போச்சு. மறுகா அந்த இடம். முயல் பிடிக்க வந்தம் எண்டு சொல்ற அப்பனையும் மகனையும் கப்டனுக்கு முன்னால கொண்டுவந்து நிறுத்துறாங்க. மகன்ட முகத்தில கப்டன் போத்திலால குத்துறான், ஒருக்கா ரெண்டு தரமில்ல, எண்ண ஏலா. அப்பனையும் சுடுறான். அதுக்குப் பிறகு பையைத் திறந்தா உள்ளுக்க முயல். முயலை எடுத்துட்டு, இனி ஒழுங்காச் சோதிச்சுட்டு என்னட்ட கொண்டுவாங்க எண்ட மாதிரி ஆக்களை ஏசிப்போட்டுப் போறான்.

அக்கா அகப்பையோட வந்து நிண்டா. ஒண்டும் சொல்லல்ல. டிவியை நிப்பாட்டினா. அந்த வருசம் எங்களுக்கு எப்பிடிப்பட்ட வருசம் எண்டு இஞ்ச இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. தொப்பிகலப் பக்கம் ஷெல் போற சத்தத்தில யன்னல் அதிரும். வாகரையால வந்த சனம் முகாம்களில. படத்தில ஊர்ச்சனம் அட்டையோட பாணுக்கு வரிசையில நிக்கிற காட்சி ஒண்டு இருக்கு. எங்கட வீட்டு அலுமாரிக்குள்ளயும் அப்ப அட்டை இருந்தது.

கடைக்காரரிட்டச் சொன்னன், இதைச் சின்னப்பிள்ளைத் தட்டிலயிருந்து எடுங்க எண்டு. அவர் எடுத்து ஆங்கிலச் சண்டைப்படத் தட்டில வச்சார். அதுவும் பிழைதான்.

ஜனவரி 26

திருத்தம்: முந்திரிப்பழம் ஒண்டில்ல, ரெண்டு. நேத்து ராத்திரி திரும்பப் பார்த்தன். கூடப் போன மூண்டு குட்டித் தேவதைகளில ரெண்டு அதால சாகுது. பழத்துக்கு ஒண்டு எண்ட கணக்கு. முந்தி இதை நான் கவனிக்கவே இல்ல.

ஜனவரி 27, திங்கள்

இப்ப அந்தக் கடைசி வரி. தமிழ்ல இல்லையாம்.

‘ஆயிரத்தில் ஒருவன்’ பார்க்கல்லையா நீங்க? எம்ஜிஆர்ட படமில்ல, செல்வராகவன்ட. 2010 தைப்பொங்கலுக்கு வந்தது. ஒளிஞ்சு வாழ்ற சோழச் சனம், பட்டினி, சாம்பல் பூசின மாதிரி முகங்கள், நம்பி உள்ளுக்க விட்ட ஒருத்தியால வாற அழிவு. முதல் பாதி பாம்பு, புதைமணல் எண்டு விளையாட்டு. ரெண்டாம் பாதியில பார்த்திபன் ராசாவா வந்து, செத்துக்கொண்டிருக்கிற சனத்துக்கு முன்னால ஆடுறார். கடைசியில ஆமி வருது. ஆம்பிளையளைக் கொண்டுபோறதும், பொம்பிளையளுக்கு நடக்கிறதும், ராசா கட்டுண்டு கிடந்து அதைப் பார்க்கிறதும்.

2009 மே முடிஞ்சு எட்டு மாதத்தில நாங்கள் அதை மட்டக்களப்பில தியேட்டரில பார்த்தம். இடைவேளை வரைக்கும் விசிலும் கத்தலும். கடைசி அரைமணித்தியாலம் ஒரு சத்தமில்ல. வெளியில வந்து சைக்கிள் எடுக்கேக்க எனக்குப் பக்கத்தில நிண்டவர் ‘இதை எப்பிடி விட்டாங்க?’ எண்டு மட்டும் கேட்டார். யாரிட்டக் கேட்டாரோ தெரியா.

இந்தியாவில அந்தப் படம் அப்ப நல்லா எடுபடல்ல. இப்ப கொண்டாடுறாங்க. எங்களுக்கு அது முதல் நாளே விளங்கிச்சு. அதைப் பெருமையாச் சொல்லவும் ஏலா.

ஜனவரி 27, இரவு

‘அது ஃபேன்டஸி இல்ல, அரசியல் படம்’ எண்டு பதில் போட்டவருக்கு: பான்ஸ் லாபிரிந்த்தை என்னெண்டு சொல்லப்போறீங்க?

ஜனவரி 28

மாயப்படம் எடுத்த தெலுங்கு இயக்குநர் விட்டலாச்சாரியாவை விட்டுட்டன் எண்டு மூத்தவர் ஒருத்தர் கோவிச்சிருக்கிறார். சரி ஐயா. ‘ஜகன்மோகினி’யில காலைத் தூக்கி அடுப்புக்குள்ள வச்சு விறகா எரிச்சுச் சமைக்கிற பேயை நானும் பயந்து பயந்துதான் பார்த்தனான். 1978 தெலுங்குப் படம், தமிழ் குரல் போட்டு வந்தது. எங்கட பெத்தா, பாட்டிதான், அதைப் பார்த்துப்போட்டு ‘விறகு மிச்சம்’ எண்டா. இருட்டான படம் எண்டு அதைச் சொல்ல மாட்டன், ஆனா அந்த ஒரு காட்சியில கற்பனை இருக்கு.

பெப்ரவரி 1, சனி

யாழ்ப்பாணத்தில இருக்கிற நண்பன் பிரமயுகம் பார்த்திட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு எடுக்கிறான். ‘மச்சான், இது உங்கட ஊர்க் கதையடா!’

விசயம் விளங்காத ஆக்களுக்கு: மட்டக்களப்புக்குப் போனா பாயோட ஒட்ட வச்சிடுவாங்க எண்டு யாழ்ப்பாணத்தில ஒரு பழைய கதை. இஞ்ச வந்த மாப்பிள்ளை திரும்பிப் போகமாட்டான், மந்திரம் போட்டுடுவாங்க எண்டு. எங்கட ஆக்கள் சிரிச்சிட்டு, ‘மந்திரமில்ல தம்பி, தயிர்’ எண்டு சொல்லுவாங்க.

படத்தில அதுதான் நடக்குது. உயிர் தப்பி ஓடிவாற பாணன் ஒருத்தன், பாட்டுக்காரன், பாழடைஞ்ச மனைக்குள்ள நுழையிறான். கும்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு போடுறார் பெரியவர். பாட்டை மெச்சுறார். மறுகா தாயம் உருட்டுவமா எண்டு கேக்கிறார். இவனிட்டப் பந்தயம் வைக்க ஒண்டுமில்ல. உன்ட நேரத்தை வை எண்டுறார். தோத்திட்டான். இனி வெளியில போக ஏலா.

நேரத்தைப் பந்தயம் வைக்கிற அந்த இடம் எனக்கு நல்லாப் பிடிச்சுது. கட்டாருக்குப் போன ஆக்கள் எல்லாம் அதைத்தானே வச்சுட்டுப் போனவங்க.

ஊரில மகிடிக் கூத்துப் பார்த்த ஆக்களுக்கு இந்தப் படத்தில ஒரு மேலதிகச் சுகம் இருக்கு. மந்திரக்காரர் ரெண்டு பக்கமும் நிண்டு ஆளை ஆள் விழுத்திறதை, பயமும் பகிடியுமா, வெளியில மணலில இருந்து பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, மம்மூட்டி சிரிக்கேக்க சிரிக்கிறதா எழும்பி ஓடுறதா எண்டு வாற குழப்பம் புதுசில்ல.

பெப்ரவரி 4, செவ்வாய்

லீவு. ‘வீய்’ பார்த்தன். 1967, சோவியத் படம், கோகோல்ட கதை. ஒண்டேகால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். செத்துப்போன பெட்டைக்குப் பக்கத்தில மூண்டு ராத்திரி கோயிலுக்குள்ள தனிய நிண்டு செபம் வாசிக்க வேணும் ஒரு பொடியன். முதல் ராத்திரியே அவள் எழும்புறாள். அவன் தன்னைச் சுத்தி வெண்கட்டியால வட்டம் கீறிக்கொண்டு நடுவில நிக்கிறான். அவளால வட்டத்துக்குள்ள வர ஏலா.

பார்க்கேக்க எனக்கு எங்கேயோ தட்டிச்சு. வெண்கட்டி. பான்ஸ் லாபிரிந்த்திலயும் அந்தப் பிள்ளைக்குக் குடுக்கிறது வெண்கட்டிதான், சுவரில கீறினா கதவாகும். இன்னொரு மெக்சிக்கோப் படம் இருக்கு, அதிலயும் ரீச்சர் பிள்ளைட கையில மூண்டு வெண்கட்டித் துண்டைக் குடுத்து, மூண்டு வரம் எண்டு சொல்றா. மூண்டு நாடு, மூண்டு காலம், ஒரே சாமான். கடையில பத்து ரூவாவுக்கும் கிடைக்கிற சாமான். அந்த மெக்சிக்கோப் படத்தைப் பற்றித் தனிய எழுதவேணும், இண்டைக்கு வேணாம்.

பெப்ரவரி 9, ஞாயிறு, பின்னேரம், ஃபோனில 11 வீதம்

நம்பமாட்டீங்க. நான் காலையில ‘அங்கிள் பூன்மீ’ போட்டன். தாய்லாந்துப் படம், 2010இல கான் விழாவில தங்கப் பனை எடுத்தது, இயக்குநர் அபிச்சாட்பொங். சாப்பாட்டு மேசை. சிறுநீரகம் பழுதான மனிசன். அவர்ட செத்துப்போன பெஞ்சாதி கதிரையில மெல்ல மெல்லத் தெரியிறா. ஒருத்தரும் கத்தல்ல, எப்ப வந்தாய் எண்ட மாதிரிக் கதைக்கிறாங்க. மறுகா இருட்டுக்குள்ளயிருந்து சிவப்புக் கண்ணோட ஒரு குரங்குப்பேய் படியேறி வருது. அது காணாமப்போன மகன். ஏன் இவ்வளவு முடி வளர்த்திருக்கிறாய் எண்டு கேக்கிறா சின்னம்மா.

அந்தச் சிவப்புக் கண் வந்த இடத்தில கரண்ட் போச்சு. எங்கட வீட்டில மட்டுமெண்டு நினைச்சன். முழு நாட்டிலயும். இப்ப சொல்றாங்க, பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு ஒண்டு பாஞ்சதாம்.

குரங்கு! நான் இனி ஒண்டும் சொல்லமாட்டன்.

பெப்ரவரி 10

கரண்ட் வந்தாப்போல மிச்சத்தையும் பார்த்தன். அலுப்புத்தட்டுற படம், ஒளிக்காமச் சொல்றன். நடுவில ஒருக்கா நித்திரையும் கொண்டன். ஆனா பூன்மீ தன்ட வருத்தத்துக்குக் காரணம் சொல்ற இடம் ஒண்டு இருக்கு. முந்தி ஆமிக்காரனா இருக்கேக்க கொம்யூனிஸ்ட்டுகளைக் கொன்ற பாவம் எண்டுறார், தோட்டத்தில பூச்சி கொன்ற பாவத்தையும் அதோட சேர்த்துச் சொல்றார். ரெண்டையும் ஒரே மூச்சில. அக்கரைப்பற்றுக்காரருக்கு இப்ப வேணாம். நாலு படம் தள்ளிப் பாருங்க.

பெப்ரவரி 16, ஞாயிறு

மெக்சிக்கோப் படம். ‘டைகர்ஸ் ஆர் நொட் அஃப்ரெய்ட்’, 2017, ஈஸா லோப்பெஸ் எண்ட பொம்பிளை இயக்கினது. போதைமருந்துக் கும்பல் பிடிச்ச ஊர். அம்மா வீட்டுக்கு வரல்ல. பத்து வயசுப் பிள்ளை முதல் வெண்கட்டித் துண்டைக் கையில வச்சு, அம்மா திரும்பி வரவேணும் எண்டு வரம் கேக்குது. அம்மா வருவா. எப்பிடி வருவா எண்டதுதான் படம். தெருவில கிடக்கிற பொடியன்களோட அந்தப் பிள்ளை சேருது. ரத்தம் ஒரு கோடா, எறும்பு ஊர்ற மாதிரி, சுவரில அதுக்குப் பின்னாலேயே போகுது.

இதை நான் போன வருசம் தெரிஞ்ச ஒரு அக்காவுக்குக் குடுத்தன். ஊர் சொல்லமாட்டன். அவட தம்பி தொண்ணூறில போனவர், இண்டை வரைக்கும் ஒரு தகவலுமில்ல. எனக்கு அந்த நேரம் இது ஓடவே இல்ல. நல்ல படம், பாருங்கக்கா எண்டு பென்ரைவைக் கையில வச்சுட்டு வந்திட்டன். வீட்டுக்கு வந்து சாப்பிட இருக்கேக்கதான் சோறு தொண்டையில நிண்டுது. கோல் எடுக்கவும் வெக்கம்.

நாலு நாளைக்குப் பிறகு அவவே வந்தா. பென்ரைவை மேசையில வச்சா. ‘அந்தப் பிள்ளைக்குத் தாய் செத்திட்டா எண்டு தெரிஞ்சுதே தம்பி. அது பெரிய விசயம்’ எண்டா. நான் ஒண்டும் கதைக்கல்ல. கொஞ்சம் பொறுத்து, ‘வேற இப்பிடி இருந்தாத் தா’ எண்டா.

பெப்ரவரி 17

நேத்து எழுதினதை வாசிச்சுட்டு, இனி ஆளைப் பார்த்துத்தான் படம் குடுக்கவேணும் எண்டு ரெண்டு மூண்டு பேர் சொல்லியிருக்கிறீங்க. நானும் அப்பிடித்தான் எழுத வந்தன். ஆனா அந்த அக்கா வேற கேட்டாவே? ஆளைப் பார்த்துக் குடுக்கிறதெண்டா அவவுக்கு நான் பாட்டும் பகிடியும் உள்ள படம்தான் குடுத்திருப்பன். என்னெண்டு சொல்றதெண்டு தெரியல்ல. கேட்டு, கதையைச் சொல்லிட்டுக் குடுக்கிறது ஒரு வழி. இப்ப அப்பிடித்தான் செய்றன்.

அவவுக்கு ரெண்டாவதாக் குடுத்தது ‘அட்லாண்டிக்ஸ்’. 2019, மத்தி தியோப், செனகல் நாட்டுக் கடற்கரை. மாடிக் கட்டிடத்தில மாதக்கணக்காச் சம்பளமில்லாம வேலை செய்த பொடியன்கள் வள்ளத்தில ஸ்பெயினுக்கு வெளிக்கிட்டு, கடலோட போயிடுறாங்க. ராத்திரியில ஊர்ப் பெட்டைகளுக்குக் கண் வெள்ளையாகும். எழும்பி நடந்து முதலாளிட வீட்டுக்குப் போய் வரிசையா இருக்குதுகள். செத்த பொடியன்கள்தான் அதுகளுக்குள்ள வந்திருக்கிறாங்க. வந்தது பழி வாங்கவெண்டு நினைப்பம். முதல்ல கேக்கிறது சம்பளம்.

கடலைக் காட்டுற விதம்! கதைக்கு நடுவில சும்மா கடல், ஒரு நிமிசம், ஒண்டும் நடக்காது. நாவலடியில கடலுக்கு முதுகைக் காட்டி இருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு அப்பிடித்தான். அவுஸ்திரேலியாவுக்கெண்டு வள்ளமேறின பொடியன்களிட தாய்மாரையும் தெரியும். இதுக்கு மேல நான் எழுதல்ல.

பெப்ரவரி 23

கொஞ்சம் சிரிப்பம்.

பெத்தாவுக்கு இப்ப எண்பத்தாறு. நான் பான்ஸ் லாபிரிந்த் திரும்பப் பார்க்கேக்க பின்னால வந்து இருந்தா. தாய்க்கு வயித்தில பிள்ளை, உடம்புக்கு ஏலா. ஆட்டுக்கொம்பன் குடுத்த மனிச உருவக் கிழங்கை இந்தப் பிள்ளை ஒரு கோப்பைப் பாலில போட்டுக் கட்டிலுக்குக் கீழ வைக்குது. தாய்க்குச் சுகம் வருது. பெத்தா ‘பால் புளிச்சிரும், மாத்தவேணும்’ எண்டா. வேறொண்டும் அவவுக்குப் புதினமில்ல. கட்டிலுக்குக் கீழ இரும்பும் வேப்பிலையும் வச்ச மனிசி.

கப்டன் அதைக் கண்டுபிடிச்சு, தாய் நெருப்பில போடுற இடத்தில மட்டும் எழும்பி நிண்டா. ‘படிச்சதுகள் எல்லாம் இப்பிடித்தான்’ எண்டுபோட்டுப் படுக்கப் போனா. மிச்சப் படத்தை இண்டை வரைக்கும் கேக்கல்ல.

மார்ச் 5, புதன்

காத்தான்குடி நண்பருக்கு ‘அண்டர் த ஷேடோ’ சொல்லியிருந்தன். நோன்பு மாதம், பெருநாளைக்குப் பிறகுதான் பார்ப்பன் எண்டவர், முந்தநாள் சஹருக்கு எழும்பி, நேரமிருக்கு எண்டு பார்த்துப்போட்டு, பிறகு வெளிச்சம் வரும்வரைக்கும் லைற்றை நூக்கல்லையாம். 2016, பாபக் அன்வாரி, பாரசீக மொழி. ஈரான் ஈராக் சண்டைக் காலம், தெஹ்ரான். யன்னல் கண்ணாடிக்கெல்லாம் டேப் ஒட்டியிருக்கு. வெடிக்காத ஏவுகணை ஒண்டு மேல்மாடியில வந்து குத்துது. அதோட காத்தும் வருது, காத்தோட ஜின்னும் வருது. பிள்ளையின்ட பொம்மை காணாமப் போகுது. தாயும் பிள்ளையும் மட்டும்.

‘எங்கட உம்மம்மா சொல்ற ஜின் கதைக்குக் கிட்ட நிக்காது’ எண்டார் நண்பர். பிறகு கொஞ்சம் யோசிச்சு, ‘ஆனா உம்மம்மாட கதையில யன்னலுக்கு டேப் இல்ல’ எண்டார்.

மார்ச் 8, சனி

பெரிய சண்டை ஒண்டு நடந்துகொண்டிருக்கு, எல்லாம் என்னால. பான்ஸ் லாபிரிந்த்தில மாயம் உண்மையா, பிள்ளையின்ட மனக் கற்பனையா?

கற்பனைக் கட்சிட ஆதாரம்: கடைசியில கப்டன் வந்து பார்க்கேக்க பிள்ளை தனிய நிண்டு கதைக்குது. ஆட்டுக்கொம்பன் அவன்ட கண்ணுக்குத் தெரியல்ல.

உண்மைக் கட்சி, அதாவது நான்: பூட்டின அறைக்குள்ள, வாசல்ல காவல் நிக்கேக்க, பிள்ளை எப்பிடி வெளியில வந்து கப்டன்ட அறைக்குப் போச்சு? வெண்கட்டி. வேற வழியே படத்தில இல்ல. கப்டனுக்குத் தெரியாதது கப்டன்ட குறை.

கட்டார்ல இருக்கிற மருமகன், அந்த எட்டு வயசுக்காரன், இப்ப இருபத்தாறு, இதை வாசிச்சுட்டு வொயிஸ் அனுப்பினான். ‘மாமா, நான் அதை முழுசா இப்பதான் பார்த்தன். அண்டைக்கு ராத்திரி எனக்குக் கனவில வந்தது கண்ணில்லாதவன் இல்ல. அவன் வர முதலே அம்மா படத்தை நிப்பாட்டிட்டாதானே. எனக்கு முயல்தான் வந்தது. அந்தப் பைக்குள்ள இருந்த முயல்.’

பதினெட்டு வருசமா இவன் என்னட்ட இதைச் சொல்லல்ல.

மார்ச் 15, சனி

அக்கரைப்பற்றுக்காரர் கடைசியா வந்து எழுதியிருக்கிறார். ஒனிபாபா பார்த்தாராம். முதல் அரைமணித்தியாலம் புல்லு புல்லு எண்டு ஏசிக்கொண்டு இருந்தாராம். மாமி முகமூடியைக் கழட்ட ஏலாமக் கத்திற இடத்தில மனிசி எழும்பி வந்து வொலியூமைக் குறைச்சாவாம். ‘சப்டைட்டில் வாசிக்கவே தேவைப்படல்ல’ எண்டு சொல்லியிருக்கிறார். தமிழ்ல ஒண்டும் இல்ல எண்ட முடிவில இன்னும் நிக்கிறார். ஆயிரத்தில் ஒருவனை ரெண்டாம் பாதி மட்டும் பார்ப்பாராம், முதல் பாதி பாம்புக்கு நேரமில்லையாம். அப்பிடிப் பார்க்க ஏலா எண்டு எழுத வந்தன். யோசிச்சா, பார்க்கலாம்.

அடுத்ததா அவருக்குத் ‘தும்பாட்’. 2018, ஹிந்தி. மகாராஷ்டிரத்து மழை, பொன் காசு, பேராசைக்காரக் குடும்பம், கிணத்துக்குக் கீழ பசியோட இருக்கிற ஒண்டு. அதுக்கு மாவில பொம்மை செய்து கொண்டுபோய்ப் போடுறாங்க, அது தின்னுற நேரத்துக்குள்ள மடியில இருக்கிற காசைப் பறிக்கவேணும். வந்த நேரம் பெரிசா ஓடல்ல, 2024இல திரும்பத் தியேட்டருக்கு விட்டு முதல் தரத்தைவிடக் கூட வசூலிச்சுது. மார்கழி மழையில, ஓட்டு வீட்டில பார்க்கவேண்டிய படம். இப்ப வெயில். பரவாயில்ல, மின்விசிறியை நிப்பாட்டிட்டுப் பாருங்க.

மற்றது, நீல நிற 64 ஜிபி பென்ரைவ் ஒண்டு கடைசியா யாரிட்டப் போச்சு எண்டு எனக்கு நினைவில்ல. அதுக்குள்ளதான் வீய் இருக்கு. வச்சிருக்கிற ஆள் பார்த்து முடிச்சாக் கல்லடியில கொண்டுவந்து தாங்க.